சுங்கச்சாவடி முதல் ஆர்.சி. புத்தகம் வரை: வெளிமாநில நம்பர் பிளேட்டின் கதை



ஒரு நாள் மாலை நம் பார்க்கிங்கை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தண்டையார்பேட்டையின் டி.என். 03, செங்குன்றத்தின் டி.என். 18 என்று நம்மூர் எண்கள் வரிசையாக நிற்கும். நடுநடுவே ஆந்திராவின் ஏ.பி. 39, ஒடிசாவின் ஓ.டி., வங்காளத்தின் டபிள்யூ.பி., புதுச்சேரியின் பி.ஒய். 01 எல்லாம் தலைகாட்டும். துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையங்கள், சரக்குப் பெட்டகக் கிடங்குகள் என்று வேலை தேடியும் மாற்றலாகியும் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து சேரும் பகுதி இது. வருகிறவர்களுடன் வண்டியும் வருகிறது.

அப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்க ஊர்லயே லைஃப் டாக்ஸ் கட்டிட்டேன் சார். இதுவும் இந்தியாதானே? இங்க எதுக்கு மறுபடியும் பதியணும், மறுபடியும் கட்டணும்?"

நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடினால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதைக்குள் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கதையின் பல இடங்கள் நம் வீட்டிலிருந்து நடந்தோ பஸ்ஸிலோ போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.

டோல்கேட் என்ற பெயர்

மெட்ரோவில் புது வண்ணாரப்பேட்டையைத் தாண்டினால் அடுத்த நிலையம் டோல்கேட். தமிழ்ப் பலகையில் 'சுங்கச்சாவடி' என்று எழுதியிருக்கும். 2021 பிப்ரவரியில் இந்தப் பாதை திறந்தபோது புதிதாக வைத்த பெயர் இல்லை அது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அந்த இடத்தை நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே டோல்கேட் என்றுதான் சொல்கிறோம்.

அந்தக் காலத்தில் சாலையைப் பராமரிக்கும் செலவை உள்ளாட்சி அமைப்புகள் இப்படித்தான் வசூலித்தன. எல்லையில் ஒரு சாவடி இருக்கும். மாட்டு வண்டியோ ஜட்காவோ, கடந்து போகும்போது காசு கொடுத்துவிட்டுப் போக வேண்டும். யாருடைய வண்டி, எந்த ஊர் வண்டி என்ற விசாரணை கிடையாது. சாலையைப் பயன்படுத்துகிறாயா, கொடு. கணக்கு அவ்வளவுதான்.

துறைமுகத் தலைவரின் கார்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் கார் மெட்ராஸுக்கு வந்தது. நகரில் பதிவான முதல் காரின் எண் எம்.சி. 1 என்றும், அதன் சொந்தக்காரர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்றும் சென்னை வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஸ்பிரிங் வேறு யாருமல்ல, 1904 முதல் 1919 வரை நம் துறைமுகத்தின் தலைவராக இருந்த பொறியாளர். 1912-ல் அவருடைய அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்த ஒரு குமாஸ்தாதான் கணித மேதை ராமானுஜன். அந்த இளைஞரை கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப உதவியவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர்.

மாட்டு வண்டிக்கு இல்லாத எண் காருக்கு மட்டும் எதற்கு? வேகம்தான் காரணம். மாட்டு வண்டி இடித்தால் வண்டிக்காரர் அங்கேயேதான் நிற்பார். கார் இடித்துவிட்டுப் போனால் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆக, எண் பலகை அடையாளம் காட்டுவதற்காகத்தான் வந்தது, வரிக்காக அல்ல. ஆரம்பத்தில் ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று விதி வைத்திருந்தது. 1914-ல் நாடு முழுவதுக்குமாக இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. நுணுக்கமான விதிகளை எழுதும் பொறுப்பு அப்போதும் மாகாண அரசுகளிடமே இருந்தது.

1931: சாவடி போனது, வரி வந்தது

பஸ்ஸும் லாரியும் பெருகின. ஊருக்கு ஊர் சாவடியில் நின்று நின்று போவது பெரிய தொல்லையானது. 1931-ல் மெட்ராஸ் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் வசூலித்த சுங்கம் எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக மாகாண அரசே மோட்டார் வண்டிகளுக்கு வரி போட்டு, வருமானம் இழந்த உள்ளாட்சிகளுக்கு ஈடு கொடுத்தது.

நம் கேள்விக்கான பாதி விடை இங்கேயே இருக்கிறது. சாவடியில் கொடுத்த காசு அந்தச் சாலையைப் பயன்படுத்தியதற்கானது. புதிய வரியும் அதற்குத்தான், ஆனால் மாகாணம் முழுவதன் சாலைகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் அந்த வரி ஒரு மாகாணத்தின் எல்லையோடு நின்றுபோனது.

பன்னிரண்டு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

மீதிப் பாதி 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு மாகாணத்தில் பதிந்த வண்டி எல்லா மாகாணங்களிலும் செல்லும் என்று அது சொன்னது. கூடவே, வேறு மாகாணத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொன்னது. விருந்தாளியாக வந்தால் பழைய எண், குடியேறிவிட்டால் புதிய எண்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலமைப்பும் இதே பிரிவினையை வைத்துக்கொண்டது. வாகனங்களுக்கு வரி போடும் அதிகாரம் மாநிலப் பட்டியலில் 57-வது இனமாக இருக்கிறது. மோட்டார் வாகனங்களும் அவற்றுக்கான வரிக் கொள்கைகளும் பொதுப் பட்டியலின் 35-வது இனத்தில் வருகின்றன. அதனால் பதிவுச் சட்டம் நாடு முழுக்க ஒன்று, வரி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

இன்று நடப்பில் இருப்பது 1988-ம் வருடச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. பழைய படங்களில் பார்க்கும் எம்.எஸ்., எம்.டி. எண்கள் மறைந்து டி.என். என்ற எழுத்துகளும் ஆர்டிஓ எண்ணும் சேர்ந்த இன்றைய முறை வந்ததும் அந்தச் சமயத்தில்தான். இதன் 46-வது பிரிவு, பதிவு நாடெங்கும் செல்லும் என்கிறது. 47-வது பிரிவில் அதே 12 மாதக் கணக்கு. 48-வது பிரிவில் என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்று. வண்டி திருட்டுப் புகாரில் இல்லை, வரி பாக்கி இல்லை என்று பழைய ஊர் ஆர்டிஓ கொடுக்கும் சான்று அது.

இப்போது "மறுபடியும் எதற்குக் கட்டணும்" என்ற கேள்விக்கு வருவோம். லைஃப் டாக்ஸ் என்பது பல வருட வரியை முதல் நாளே மொத்தமாக வாங்குவது. விசாகப்பட்டினத்தில் கார் வாங்கி நாலாவது வருடம் இங்கே குடியேறினால், மிச்ச வருடங்களுக்கு அந்தக் கார் ஓடப்போவது நம் சாலைகளில். அதற்கான வரியைத் தமிழ்நாடு, வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்துக் கேட்கும். அங்கே முன்பணமாகக் கட்டியதில் ஓட்டாத வருடங்களுக்கு உரிய பங்கைத் திரும்பக் கேட்டு நீங்கள் விண்ணப்பிக்கலாம். பலர் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதே இல்லை. அலைச்சல் என்று விட்டுவிட்டு, இரண்டு முறை கட்டினேன் என்று வருத்தப்படுகிறார்கள்.

எண்ணூரில் பிறந்து எங்கோ பதிவாகும் வண்டிகள்

வெளிமாநில வண்டிகள் நம்மூருக்கு வருவது ஒரு பக்கம். நம்மூரில் பிறந்த வண்டிகள் வெளிமாநிலம் போய்ப் பதிவாவது இன்னொரு பக்கம். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அடுத்த வருடமே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே காலகட்டத்தில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை வந்து புல்லட்டின் தாய்வீடானது.

கட்டுமானம் ஏறாத வெறும் லாரி சேஸிஸை ஓட்டிக்கொண்டு போகும் டிரைவர்களை எண்ணூர்ப் பக்கம் பார்க்காதவர் உண்டா? கேபின் இல்லை, கதவு இல்லை. பலகை போட்ட இருக்கை, வெயிலுக்கும் தூசிக்கும் முகத்தில் சுற்றிய துண்டு. அப்படியே நாமக்கல்லுக்கோ கரூருக்கோ, மாநிலம் தாண்டியோ போவார்கள். அந்த வண்டிக்கு நிரந்தர எண் கிடையாது. தற்காலிகப் பதிவு மட்டும்தான். வாங்கியவரின் ஊரில் பாடி கட்டி முடித்த பிறகுதான் நிரந்தர எண் ஏறும்.

வண்டியின் உடம்பில் பொறித்த சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆலையிலேயே வந்துவிடுகின்றன. எத்தனை மாநிலம் மாறினாலும் அவை மாறாது. நம்பர் பிளேட் என்பது வண்டியின் முகவரி. வீடு மாறினால் முகவரி மாறத்தானே செய்யும்?

இன்சூரன்ஸ் கதை வேறு

இன்சூரன்ஸுக்கு மாநில எல்லை கிடையாது. 1939 சட்டத்தின் எட்டாவது அத்தியாயம்தான் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்த அத்தியாயம் 1946 ஜூலை 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நம் வண்டி இன்னொருவர் மீது மோதி உயிரோ கையோ காலோ போனால், நம் கையில் காசு இல்லை என்பதற்காக அந்தக் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது. அதற்காக வந்த ஏற்பாடு இது. இன்று 146-வது பிரிவு அதையே சொல்கிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

விசாகப்பட்டினத்தில் எடுத்த பாலிசி எண்ணூரிலும் செல்லும். ஆனால் பாலிசியில் இருக்கும் முகவரி, போன் எண், வண்டி எண் எல்லாம் பழையனவாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மழையோடு வந்த வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது யாருக்கும் மறக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர், ஆந்திராவிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருடைய கார் தரைத்தளத்தில் சீட் வரை முழுகிவிட்டது. "கவலை இல்லை சார், மூணு வருஷப் பாலிசி இருக்கு" என்றார். பேப்பரை எடுத்துப் பார்த்தோம். மூன்று வருடம் இருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீடு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. அது அக்டோபரிலேயே முடிந்திருந்தது. நினைவூட்டல் எல்லாம் அவர் விட்டுவிட்டு வந்த பழைய சிம் எண்ணுக்கும் பழைய வீட்டுக்கும் போயிருக்கிறது. பழுது பார்த்த செலவு முழுவதும் அவர் கையிலிருந்து. 90 நாளுக்குள் புதுப்பிக்காததால் அதுவரை சேர்த்த நோ கிளைம் போனஸும் போனது.

இதில் யாரையும் குறை சொல்ல இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று வருடமும் இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து வருடமும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனது. சாலையில் அடிபடுகிறவருக்கு அது நல்லது. நம் வண்டிக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து.

பதிவையும் இன்சூரன்ஸையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு வழக்கு. ராஜஸ்தான்காரர் ஒருவர் பஞ்சாபில் புது ஜீப் வாங்கினார். தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19-ல் முடிந்தது. நிரந்தரப் பதிவு செய்யாமலே வெளியூர் எடுத்துப் போனார். ஒன்பது நாள் கழித்து ஜோத்பூரில் ஒரு விடுதி வாசலில் நிறுத்தியிருந்த வண்டி திருடுபோனது. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. ஆனாலும் பதிவு இல்லாமல் வண்டியைப் பயன்படுத்தியது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியது என்று சொல்லி, இழப்பீடு கிடையாது என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து வருட வழக்கு, ஒன்பது நாள் தாமதம்.

குறுக்கு வழியின் விலை

வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்றதும், குறைவான இடத்தில் பதிந்துகொள்ளலாமே என்ற யோசனை வரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி புதிய காருக்கு ரூ.5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். புதுச்சேரியில் இதைவிட மிகக் குறைவு. அங்கே குடியிருக்காமலே முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிந்த விவகாரத்தில் 2017-ல் கேரளத்தில் பிரபலங்கள் மீதே வழக்குகள் பாய்ந்தன.

நம் மாநிலத்தில் 2024 ஜூனில் ஆம்னி பஸ்கள் சிக்கின. நாகாலாந்து, புதுச்சேரி போன்ற இடங்களில் பதிந்துவிட்டு இங்கேயே ஓடிக்கொண்டிருந்த பஸ்களை இனி ஓடக் கூடாது என்று போக்குவரத்துத் துறை நிறுத்தியது. முன்பதிவு செய்த பயணிகள் அவதிப்பட்டார்கள். வரியில் மிச்சம் பிடித்தது முதலாளி, தவித்தது டிக்கெட் எடுத்தவர்.

பி.எச். எண்: ஒரு புதிய முயற்சி

அடிக்கடி மாற்றலாகிறவர்களுக்காக 2021 செப்டம்பர் 15 முதல் மத்திய அரசு பி.எச். வரிசையைக் கொண்டுவந்தது. பாரத் என்பதன் சுருக்கம் அது. பாதுகாப்புப் படையினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவனத்தினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கு இது. மொத்தமாக லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டியதில்லை. இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. பார்க்கப்போனால் இதுவும் பழைய சாவடிக் கணக்குதான். எவ்வளவு காலம் ஓட்டுகிறீர்களோ அவ்வளவுக்குக் கட்டுங்கள் என்பதுதானே அது!

சாவடியும் திரும்பி வந்துவிட்டது. செங்குன்றம் தாண்டி நல்லூரில் நிற்கிறது. ஜட்காக்காரர் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த காசை இப்போது கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் கொடுக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை

வெளிமாநில எண்ணோடு வந்திருப்பவர்கள் இந்த வரிசையில் செய்தால் அலைச்சல் குறையும்.

1. வந்த முதல் வாரமே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் புதிய முகவரியையும் போன் எண்ணையும் தெரிவியுங்கள். பாலிசியில் மூன்றாம் நபர் காப்பீடு என்று முடிகிறது, சொந்தச் சேதக் காப்பீடு என்று முடிகிறது என இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்.

2. ஒரு வருடத்துக்கு மேல் இங்கே இருக்கப்போவது உறுதியானால், பழைய ஊர் ஆர்டிஓவில் படிவம் 28 மூலம் என்.ஓ.சி. கேளுங்கள். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கடன் இருந்தால் முதலில் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும்.

3. என்.ஓ.சி. வந்ததும் நம் பகுதி ஆர்டிஓவில் படிவம் 27, முகவரி மாற்றத்துக்கான படிவம் 33, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பித்து வரியைக் கட்டுங்கள். சேஸிஸ் எண்ணைச் சரிபார்க்க வண்டியை நேரில் காட்ட வேண்டியிருக்கும்.

4. புதிய எண் வந்ததும் அதை பாலிசியில் ஏற்றச் சொல்லிக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஃபாஸ்டேக், புகைச் சான்று ஆகியவற்றிலும் மாற்றுங்கள். சொந்தச் சேதக் காப்பீட்டில் சென்னை உட்பட எட்டுப் பெருநகரங்கள் 'ஏ' மண்டலம், மற்ற ஊர்கள் 'பி' மண்டலம். அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடினால் பதற வேண்டாம்.

5. புதிய ஆர்.சி. நகலோடு பழைய மாநிலத்தில் வரி திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள். இதை மறக்காதீர்கள், இது உங்கள் பணம்.

6. வெளிமாநில எண்ணுள்ள பழைய வண்டி வாங்குகிறவர்கள், பெயர் மாற்றத்தையும் இன்சூரன்ஸ் மாற்றத்தையும் தள்ளிப்போட வேண்டாம். விற்றவரின் நோ கிளைம் போனஸ் வண்டியோடு வராது, அது ஆளுக்குச் சொந்தம்.

கடைசியாக மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் முழுகிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். அப்படிச் செய்து இன்ஜின் கெட்டால், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, சாதாரணப் பாலிசியில் பணம் கிடைப்பது கடினம்.

அடுத்த முறை மெட்ரோவில் 'சுங்கச்சாவடி' அறிவிப்பைக் கேட்கும்போது உங்கள் ஆர்.சி. புத்தகத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் முகவரியும் நீங்கள் இறங்கப்போகும் ஊரும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறியதும் நம் செக்யூரிட்டியிடம் சொல்லி பார்க்கிங் ஸ்டிக்கரையும் மாற்றிவிடுங்கள்.